பரணில் கிடக்கும் ரௌட்டர்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை. பேசியதைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன். கரும்பலகையில் வரைந்து காட்டியதை மட்டும் வார்த்தைகளாக மாற்றியிருக்கிறேன்.)



செயலாளர் போன் பண்ணி, "தம்பி, அரை மணி நேரம் பேசணும். எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க. ஆனா இன்டர்வியூவில ஜெயிக்கிறது எப்படின்னு மட்டும் வேண்டாம். அதுக்கு ஏற்கெனவே மூணு பேர் பேர் கொடுத்திருக்காங்க" என்றார். அதனால் தப்பித்தேன். நீங்களும் தப்பித்தீர்கள்.

ஒரு சின்ன கணக்கெடுப்பு. வீட்டில் உபயோகத்தில் இல்லாத பழைய வைஃபை ரௌட்டர் ஒன்றாவது வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். பாதி மண்டபம். இரண்டு வைத்திருப்பவர்கள்? பரவாயில்லை, நிறையப் பேர் இருக்கிறீர்கள். தூக்கிப் போட மனசு வராது, எடைக்குப் போட்டால் பேரீச்சம்பழம்கூடக் கிடைக்காது. பரணில் கிடக்கும். கம்பெனி மாற்றும்போது ஒன்று, வீடு மாற்றும்போது ஒன்று, டெலிபோன் லைன் போய் ஃபைபர் வந்தபோது ஒன்று என்று சேர்ந்துவிடும். அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இது பெரிய விஞ்ஞானம் இல்லை. ஆனால் நாம் இங்கே நான்காவது செமஸ்டரில் படித்துவிட்டு மறந்துபோன பல சங்கதிகள் இதற்குள்ளே இருக்கின்றன.

எங்கள் வீடு திண்டுக்கல்லில். பழைய வீடு. அகலம் 18 அடிதான், நீளம் 110 அடி. முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு, அதற்குப் பின்னால் கொல்லை, கொல்லைக் கடைசியில் மோட்டார் கொட்டகை. சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. சில இடத்தில் ஒன்றரை அடிக் கனம். ஃபைபர் ஒயர் தெருவிலிருந்து முன்கட்டுக்கு வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். அங்கேதான் கம்பெனிக்காரர் கொடுத்த பெட்டி. முன்கட்டில் உட்கார்ந்தால் சினிமா ஓடும். நடுக்கட்டில் என் அண்ணி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். அங்கே படம் நின்று நின்று வரும். பின்கட்டில் ஒன்றுமே இல்லை. செல்போன் டவர் சிக்னலும் அந்தக் கனமான சுவருக்குள் சரியாக வருவதில்லை.

பின்கட்டு என் அப்பாவின் இடம். அவர் பஞ்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக வேலை பார்த்தவர். 2023-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி. அந்த அம்மா மதுரையில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் வருவார், மற்ற நாட்களில் செல்போனில் முகம் பார்த்துச் சொல்லித்தருவார். "ஐயா, முழங்காலை மடக்குங்க, அப்படியே..." என்று படம் நின்றுவிடும். அப்படியே வைத்திருக்க வேண்டுமா, நீட்ட வேண்டுமா? அப்பா காலை மடக்கியபடி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா போனைத் தூக்கிக்கொண்டு நடுக்கட்டுக்கு ஓடுவார். இது ஒருநாள் கதை இல்லை, வாரம் மூன்று தடவை.

வீட்டில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அப்பாவின் கட்டிலை முன்கட்டுக்கு மாற்றிவிடலாம். நியாயமான யோசனைதான். ஆனால் முன்கட்டு என்பது தெரு. பஸ் சத்தம், வருகிறவர் போகிறவர், எல்லோரும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் பரிதாபமாகப் பார்ப்பது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைப்பக்க முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வாயைத் திறந்து "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பார்வைதான் சொல்லும். நான் பெங்களூரிலிருந்து வந்திருந்தேன். "ஒரு வாரம் டயம் குடுங்க, சிக்னலைப் பின்கட்டுக்குக் கொண்டுபோறேன். முடியலைன்னா கட்டிலை மாத்துவோம்" என்று சொல்லிவிட்டுப் பரண் ஏறினேன்.

நான்கு பெட்டி கிடைத்தது. ஒன்று டெலிபோன் லைன் காலத்து ஏ.டி.எஸ்.எல். மோடம்-ரௌட்டர். ஒன்று கடையை மூடிவிட்ட மாமாவுடையது. ஒன்று அத்தான் சென்னையில் வீடு காலி பண்ணும்போது போட்டுவிட்டுப் போனது, அதுதான் கொஞ்சம் புதுசு, 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு. நான்காவதைச் செருகினால் விளக்கே எரியவில்லை. திறந்து பார்த்தால் கெப்பாசிட்டர் உப்பிப்போய் இருந்தது. அதை விட்டுவிடுவோம். மூன்று தேறியது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். முதலில், சிக்னல் ஏன் போகவில்லை?

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் முக்கியமாக ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், ஒரு ஜாண்கூட இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதிக்கும் குறைவு. அலை குட்டையாகக் குட்டையாகச் சுவர் அதை அதிகமாக விழுங்கும். இரும்பு பீரோ திருப்பி அடிக்கும். தண்ணீர்த் தொட்டி உறிஞ்சும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் உலோகப் பூச்சு இருப்பதால் அதுவும் ஒரு குட்டிச் சுவர்தான். ரௌட்டரை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு "நெட் ஸ்லோவா இருக்கு" என்று கம்பெனிக்காரரைத் திட்டுகிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம்.

"பெரிய ஆன்டெனா வெச்ச பவர்ஃபுல் ரௌட்டர் ஒண்ணு வாங்கிட்டா போதுமே" என்று பலர் கேட்பார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பேச்சு இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். ரௌட்டர் கோவில் ஒலிபெருக்கி மாதிரி கத்தினாலும், உங்கள் கையில் இருக்கும் போன் அவ்வளவு சத்தமாகப் பதில் சொல்ல முடியாது. அதற்கு இருப்பது சின்ன பேட்டரி, சின்ன ஆன்டெனா. கத்துகிறவரின் குரல் நமக்குக் கேட்கிறது, நம் பதில் அவருக்குக் கேட்கவில்லை என்றால் அது உரையாடல் இல்லை, சொற்பொழிவு. (இப்போது நான் செய்துகொண்டிருப்பது போல.) போனில் கட்டம் முழுக்கக் காட்டும், ஆனால் படம் நகராது. காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகையால் ஒரு பெரிய ரௌட்டரைவிட, மெதுவாகப் பேசும் மூன்று சின்ன ரௌட்டர்கள் அங்கங்கே இருப்பது மேல்.

வேலையைத் தொடங்கும் முன் அளந்து பாருங்கள். போனில் வைஃபை சிக்னலை அளக்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அளவு டி.பி.எம். என்ற அலகில், மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் ராஜபோகம். முகம் பார்த்துப் பேச மைனஸ் 67-க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. மைனஸ் 80-ஐத் தாண்டினால் இருந்தும் இல்லாத மாதிரிதான். எங்கள் பின்கட்டில் மைனஸ் 84. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சக்தி பாதியாகிறது என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள், அப்போது பரீட்சைக்காக எழுதினோம்.

சரி, பழைய ரௌட்டரை எப்படி இணைப்பது? இரண்டு வழி உண்டு. கம்பியில்லாமல் ரிப்பீட்டராக வைக்கலாம். அல்லது கம்பி இழுத்து ஆக்சஸ் பாயின்டாக வைக்கலாம். ரிப்பீட்டர் சுலபம், ஓட்டை போட வேண்டாம், ஒயர் வேண்டாம். ஆனால் ஒரே ரேடியோ உள்ள பழைய பெட்டி, முன்னால் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்கி, பிறகு அதையே பின்னால் இருப்பவருக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். வாங்கும்போது சொல்ல முடியாது, சொல்லும்போது வாங்க முடியாது. ஆக வேகம் குறைந்தது பாதியாகிவிடும். இரண்டு ரிப்பீட்டர் தொடர்ச்சியாக வைத்தால் இன்னும் மோசம். டியூஷனுக்கும் பிசியோதெரபிக்கும் இது சரிப்படாது. கம்பிதான் சரி.

1990-களில் இங்கே படித்த அண்ணன்மார்களுக்குக் கம்பி என்றவுடனே கணிப்பொறி லேப் ஞாபகம் வரும். கறுப்பு கோஆக்ஸ் கேபிள், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு டி-கனெக்டர், இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். யாராவது ஒருவர் டெர்மினேட்டரைக் கழற்றினால் மொத்த லேபும் படுத்துவிடும். இன்றைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இன்னொரு வேடிக்கை, ஈதர்நெட் 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் யோசித்தது. அதற்கு முன்மாதிரியாக இருந்தது ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-ல் ஓட்டிக் காட்டிய அலோஹா என்கிற ரேடியோ வலை. கம்பி, கம்பியில்லாததிடம் கற்றுக்கொண்டது. பிறகு 1997-ல் 802.11 என்ற தரம் வந்தபோது, கம்பியில்லாதது கம்பியிடம் திரும்பக் கற்றுக்கொண்டது. அப்போதைய வேகம் வினாடிக்கு 1 அல்லது 2 மெகாபிட். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் குறைந்த சக்தியில் பயன்படுத்தலாம் என்று ஆணை வந்தது 2005-ல். 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமாக இடம் கொடுத்தது 2018-ல்.

கம்பி இழுத்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் மேஸ்திரி அப்பாதான். முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு மூலை முடுக்கெல்லாம் சேர்த்து 45 மீட்டர் கேபிள். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், அதனால் பயமில்லை. நான் கரண்ட் ஒயர் போகிற பி.வி.சி. பைப்பிலேயே இதையும் நுழைத்துவிடலாமா என்று அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். நாற்காலியிலிருந்து அப்பா இடது கையைத் தூக்கினார். பேச்சு மெதுவாகத்தான் வரும். "கரண்டோட... சேக்காத" என்றார். மில்லில் முப்பது வருஷம் பேனல் போர்டுகளுக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர். 230 வோல்ட் ஒயரும் நெட் கேபிளும் ஒரே குழாயில் போகக்கூடாது என்பதுதான் விதியும்கூட. இரைச்சல் ஒருபுறம்; இன்சுலேஷன் போனால் உயிருக்கே ஆபத்து. பிறகு அவர் சொன்னபடியே, உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே, தனியாக கேசிங்-கேப்பிங் அடித்துக் கொண்டுபோனோம். வளைவில் மடக்காமல் வட்டமாகத் திருப்பச் சொன்னார். எந்த இடத்தில் ஓட்டை போட்டால் செங்கல் உடையாமல் வரும் என்பதை விரலால் காட்டினார். மூன்று மாதமாக எல்லோரும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; அந்த இரண்டு நாள் அவர் எங்களுக்குச் சொன்னார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தார்.

முனையில் ஆர்.ஜே.45 கனெக்டர் அடிக்கும் வரிசையைத் தம்பிகள் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் உதவும்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பிரௌன்-வெள்ளை, பிரௌன். இரண்டு முனையிலும் ஒரே வரிசை. பழைய 100 மெகாபிட் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால்தான் ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் போனாலும் சில சமயம் நெட் வருகிறது, ஆனால் வேகம் 100-லேயே நின்றுவிடுகிறது. எங்கள் பெட்டிகள் எல்லாமே 100 மெகாபிட் துளை உள்ளவை. வீட்டுக்கு வரும் நெட் அதைவிடக் குறைவு. வீடியோ காலுக்கு நல்ல இணைப்பில் 3, 4 மெகாபிட்டே தாராளம்.

இனி பெட்டிக்குள் செய்ய வேண்டியது. பின்னால் ஊசித்துளை இருக்கும், பத்துப் பன்னிரண்டு வினாடி அழுத்தினால் பழைய ஞாபகம் எல்லாம் போய்ப் புதிதாகிவிடும். லேப்டாப்பை அதன் லான் துளையில் கேபிள் போட்டு இணையுங்கள். வீட்டு நெட்டோடு இன்னும் சேர்க்க வேண்டாம். பிரவுசரில் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைத் தட்டினால் அதன் பக்கம் திறக்கும்.

அங்கே மூன்று வேலை. முதலாவது, பெட்டியின் கதவு எண்ணை மாற்றுவது. பெரும்பாலான ரௌட்டர்கள் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றே பிறக்கின்றன. 192.168 என்று தொடங்கும் எண்களெல்லாம் வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்காக ஒதுக்கப்பட்டவை. 1996-ல் வந்த ஏற்பாடு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு 1-ஆம் நம்பர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? முன்கட்டுப் பெட்டி 192.168.1.1 என்பதால், நடுக்கட்டுக்கு 192.168.1.2, பின்கட்டுக்கு 192.168.1.3, கொட்டகைக்கு 192.168.1.4 என்று வைத்தேன்.

இரண்டாவது, இதுதான் உயிர்நாடி, பழைய பெட்டியில் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிடுவது. டி.எச்.சி.பி. என்பது ரேஷன் கடையில் டோக்கன் கொடுக்கிற ஆள் மாதிரி. புதிதாக ஒரு போன் வந்தால் "உனக்கு 105" என்று எண் கொடுத்து, "வெளியே போக வேண்டுமானால் அந்த வாசல் வழியாகப் போ" என்று கையும் காட்டும். ஒரே கடையில் இரண்டு பேர் தனித்தனி டோக்கன் புத்தகம் வைத்துக் கொடுத்தால், ஒரே எண் இரண்டு பேருக்கு விழும்; வாசலும் தப்பாகச் சொல்லப்படும். வீட்டில் சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது, காலையில் வந்தது சாயங்காலம் வராது. பேய் பிடித்த மாதிரி இருக்கும். டோக்கன் கொடுக்க ஒரே ஆள், முன்கட்டுப் பெட்டி மட்டும். அதிலும் 100-லிருந்து 200 வரைதான் கொடுக்க வேண்டும் என்று எல்லை வைத்துவிட்டால், நாம் கையால் வைத்த 2, 3, 4 ஆகியவற்றை அது தொடாது.

மூன்றாவது, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பாதுகாப்பு முறையும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். குறுகிய பெஞ்சில் அகலமான ஆள் உட்கார்ந்த மாதிரி. ஒன்றோடொன்று இடிக்காமல் உட்காரக்கூடியவை 1, 6, 11 மூன்றுதான். முன்கட்டு 1, நடுக்கட்டு 6, பின்கட்டு 11. "40 மெகாஹெர்ட்ஸ்" என்று ஒரு ஆசைகாட்டும் வசதி இருக்கும். ஊருக்கு நடுவில் இருக்கும் வீட்டில், 2.4-ல் அதைத் தொட வேண்டாம். அடுத்த வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சேர்ந்தே கெடும்.

இவ்வளவும் முடிந்தபின்தான் கேபிள். முன்கட்டுப் பெட்டியின் லான் துளையிலிருந்து பழைய பெட்டியின் லான் துளைக்கு. வான் என்றோ இன்டர்நெட் என்றோ எழுதியிருக்கும் துளையில் போட்டால் அது தனிக்குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். வீட்டுக்குள் இன்னொரு வீடு. நான் அந்தத் துளையில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். உங்கள் பெட்டியில் "ஆக்சஸ் பாயின்ட் மோடு" என்று ஒரு பொத்தானே இருந்தால் டோக்கன் நிறுத்துவது முதலான வேலைகளை அதுவே பார்த்துக்கொள்ளும். நடுக்கட்டுப் பெட்டியின் இன்னொரு லான் துளையிலிருந்து பின்கட்டுக்கு அடுத்த கேபிள். சங்கிலி மாதிரி போகலாம், தவறில்லை.

ஆனால் வட்டம் போட்டுவிடக் கூடாது. பொங்கலுக்கு வந்திருந்த அக்கா பையன், எட்டு வயசு, நடுக்கட்டில் ஒரு கேபிளின் முனை சும்மா தொங்குவதைப் பார்த்துப் பொறுப்பாக அதே பெட்டியின் காலித் துளையில் செருகிவிட்டான். மறுமுனை ஏற்கெனவே அதே பெட்டியில்தான் இருந்தது. அவ்வளவுதான், வீடு முழுக்க நெட் செத்துவிட்டது. எல்லோருக்குமாகப் போகும் ஒரு செய்தி அந்த வட்டத்துக்குள் நுழைந்தால் வெளியே வர வழியில்லை. சுற்றிச் சுற்றி விளக்கெல்லாம் பைத்தியம் மாதிரி மின்னும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-ல் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார். நமக்குப் பத்து மார்க் கேள்வி. பெரிய அலுவலக ஸ்விட்சுகளில் அது இருக்கும். நம் பரண் பெட்டிகளில் பலவற்றில் இருக்காது. தொங்கும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், அல்லது பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கொட்டகைக்குக் கேபிள் இழுக்கவில்லை. வெட்டவெளியில் செம்புக் கம்பி இழுத்தால் ஐப்பசி மழையில் பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலும் போதும், இரண்டு பக்கத்துப் பெட்டியும் போய்விடலாம். அங்கே ஏ.டி.எஸ்.எல். பெட்டியைத் தள்ளி, மாமா கடைப் பெட்டியை ரிப்பீட்டராக வைத்தோம். அண்ணன் தண்ணீர் பாய்ச்சும்போது பாட்டுக் கேட்பார். அதற்குப் பாதி வேகம் போதும். நடுக்கட்டுக்கு அந்த ஏ.டி.எஸ்.எல். பெட்டியே வந்துவிட்டது.

இன்னும் ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. அம்மா போனை முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குக் கொண்டுபோனால், அது பக்கத்தில் இருக்கும் பெட்டியை விட்டுவிட்டு முன்கட்டுப் பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்கும். எந்தப் பெட்டிக்குத் தாவுவது என்பதைப் போன்தான் தீர்மானிக்கிறது, பெட்டி இல்லை. பழைய சிக்னல் போதுமான அளவு மோசமாகும் வரை போன் புதியதைத் தேடவே தேடாது. ஐபோன் என்றால் அந்த எல்லை மைனஸ் 70 என்று ஆப்பிள் சொல்கிறது. ஆகவே நடுக்கட்டுப் பெட்டியிலும் முன்கட்டிலும் சக்தியை "ஹை"யிலிருந்து "மீடியம்" ஆகக் குறைத்தேன். சிக்னல் வேண்டும் என்று வந்த ஆள் சிக்னலைக் குறைக்கிறானே என்று அண்ணன் சிரித்தார். குறைத்தபின் போன் ஒழுங்காகத் தாவியது. புது மெஷ் செட்டுகளில் தாவலுக்குப் பெட்டிகளும் யோசனை சொல்லி உதவும். அதற்குத்தான் அங்கே காசு.

செலவு? கேபிள், கேசிங், கனெக்டர் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள். கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று அம்மா கேட்டார். ஒரு பெட்டிக்கு 5 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 7.2 யூனிட், மூன்றுக்கும் சேர்த்து 22 யூனிட்டுக்குள். கரண்ட் போனால் முன்கட்டுப் பெட்டியும் கேபிள் வழியில் இருக்கும் எல்லாப் பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால்தான் பின்கட்டுக்கு நெட் வரும். நடுக்கட்டில் ஒன்று அணைந்தாலும் சங்கிலி அறுந்த மாதிரி.

பின்கட்டில் இப்போது மைனஸ் 52. 84-க்கும் 52-க்கும் 32 டெசிபல் வித்தியாசம், அதாவது ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேல். எனக்கு அந்த எண்ணைவிட, அடுத்த திங்கட்கிழமை பிசியோதெரபி அம்மா நாற்பது நிமிஷம் ஒரு தடவைகூட நிற்காமல் பேசியதுதான் பெரிது. அப்பா இப்போது கைத்தடியோடு கொல்லை வரைக்கும் நடக்கிறார். அது மருத்துவர்களும், அந்த அம்மாவும், அவர் பிடிவாதமும் செய்தது. கட்டில் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

பேச்சு முடிந்தபின் சிலர் கேட்டார்கள். அவற்றில் இரண்டை மலர்க் குழுவினர் சேர்க்கச் சொன்னார்கள்.

மூன்றாம் ஆண்டுத் தங்கை ஒருவர், "சார், பழைய ரௌட்டர்ல செக்யூரிட்டி அப்டேட் வராதே, பரவாயில்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. டபிள்யூ.இ.பி. முறை மட்டுமே தெரிந்த பெட்டி என்றால் வைக்கவே வேண்டாம். அதன் பூட்டை உடைக்கும் வழி 2001-லேயே வெளிவந்துவிட்டது. குறைந்தது டபிள்யூ.பி.ஏ.2, அதிலும் ஏ.இ.எஸ். வேண்டும். டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவிடுங்கள், 2011-ல் அதன் ஓட்டை தெரிந்துவிட்டது. பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இந்த முறையில் பழைய பெட்டி நேரடியாக வெளி இன்டர்நெட்டைப் பார்த்து நிற்பதில்லை, முன்கட்டுப் பெட்டிக்குப் பின்னால்தான் நிற்கிறது. அது கொஞ்சம் ஆறுதல், முழுக் காப்பு இல்லை. ஆர்வம் இருந்தால் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற இலவச மென்பொருளை ஏற்றிப் பாருங்கள். 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற பெட்டிக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்துக் கேட்க, 2003-ல் அதன் மூல நிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து 2004-ல் வளர்ந்ததுதான் இது. பெயரிலேயே அந்தப் பெட்டி இருக்கிறது. ஆனால் 4 மெகாபைட் ஃபிளாஷ், 32 மெகாபைட் ரேம் உள்ள பெட்டிகளுக்கு 2020-ல் வந்த 19.07 பதிப்போடு சரி, அதன்பின் அவற்றுக்கு இல்லை. ஏற்றும் முன் உங்கள் மாடல் எண்ணோடு, வெர்ஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சிப் இருக்கும்.

1980-களில் படித்த அண்ணன் ஒருவர் எழுந்து, "தம்பி, என்கிட்ட மூணு ரௌட்டர் இருக்கு, எனக்கு ஒண்ணு போதும். மீதியை என்ன பண்ண?" என்றார். நம் விடுதியின் கடைசி பிளாக்கில் இரண்டாம் மாடியில் இன்றைக்கும் சிக்னல் வருவதில்லை என்று மாணவர்கள் காலையில்தான் சொன்னார்கள். கல்லூரியின் நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டேன். அவர் மேற்பார்வையில் கேபிள் இழுத்து வைக்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் யாரும் அறையில் தானாகச் செருக வேண்டாம், டோக்கன் கதை அங்கே ஐந்நூறு பேருக்கு நடக்கும். வேலை செய்யும் பெட்டிகளைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பழுதானதை மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள், குப்பையில் வேண்டாம். கொண்டுவரும்போது அதனதன் அடாப்டரையும் பெட்டியோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவாருங்கள். ஒன்று 9 வோல்ட், ஒன்று 12 வோல்ட், ஊசி ஒரே மாதிரி இருக்கும்.